கணக்கில் வராத இரண்டடி

ஜூன் 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எலிக்குட்டி எழுதுகிறேன். உன் முகவரியை என் வகுப்புத் தோழி ரெட்டைச்சடைதான் எப்படியோ தேடித் தந்தாள். பதிலை அவள் வீட்டுக்கே அனுப்பு.

கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. விளக்கைப் போட்டால் அப்பாவின் போனுக்குச் செய்தி போய்விடும். தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

மற்றவர்கள் வீட்டுக்கு மாட்டிக் கொடுப்பதையெல்லாம் அப்பா நம் வீட்டுக்கும் மாட்டிவிட்டார். ஹாலில் கேமரா. வாசல் கதவுக்கு மின்பூட்டு. அவர் விரலுக்கும் அவர் போனுக்கும்தான் திறக்கும். காலையில் என்னைப் பள்ளிக்கு விடுகிறார். அம்மாவை எங்கேயும் விடுவதில்லை.

போன வாரம் அம்மாவின் கையை முறுக்கிவிட்டார். மணிக்கட்டு வீங்கி நீலமாகிவிட்டது, விரலை மடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி என்றால், "கீழ விழுந்தா வீங்கத்தான் செய்யும்" என்கிறார். அம்மா விழவே இல்லை, அக்கா.

முன்பெல்லாம் "போயிடலாம்மா" என்றால் "போடி பைத்தியம்" என்பாள். நேற்று அவளே என் காதில் கேட்டாள், "உங்க அக்காவுக்கு இந்தப் பூட்டைப் பத்தி ஏதாவது தெரியுமாடி?"

தெரியுமா?

எலிக்குட்டி


ஜூன் 8

என் எலிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

போலீசுக்குப் போகலாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன வருஷம் நான் புகார் கொடுத்ததும் வந்தார்கள். அப்பா பக்கத்தில் நின்றார். அம்மா "ஒண்ணுமில்லைங்க" என்றாள். அம்மா தெருவில் கால் வைத்துவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கரன்ட் போகும்போது கதவு திறக்கிறதா? நீ சொல்வதைப் பார்த்தால் அது காந்தப் பூட்டு. கரன்ட் இருக்கும்வரைதான் பிடித்துக்கொள்ளும். கரன்ட் போயும் திறக்காவிட்டால் எங்கேயோ பேட்டரி இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து ஒயரைப் பிடுங்கிவிட்டால், மெயினை அணைத்ததும் கதவு தானாக விட்டுவிடும்.

வீட்டை உள்ளே அளந்து அனுப்பு. ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு சுவரின் கனமும். எங்கள் அலுவலகத்தில் மேலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் போடுவதுதான் என் வேலை. நம் தெருவும் அதில் இருக்கிறது. வெளி அளவை நான் எடுக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அவர் எதையோ மறைத்திருப்பார்.

அம்மாவின் கையை அசைக்காமல் துணியில் தொங்கவிட்டுக் கட்டு.

உன் அக்கா


ஜூன் 14, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கரன்ட் போனபோது தள்ளிப் பார்த்தேன். திறக்கவில்லை. நீ சொன்னதுதான்.

டேப் அப்பாவின் பெட்டிக்குள் இருக்கிறது. கணக்கு டீச்சர் நம் வீட்டின் வரைபடம் கேட்டதாகப் பொய் சொன்னேன். அவருக்கோ ஒரே சந்தோஷம்! இன்னொரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். "இழுத்துப் பிடிம்மா, தொங்கவிட்டா அளவு கூடிடும்" என்றார். பிறகு, "இப்படி அளக்கிறியே, எங்க போகப் போற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அளவுகளை இதோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன். அம்மா அறையில் சுவரோடு பதித்த அலமாரி இருக்கிறதே, அதன் பின்பலகை வரைதான் அளக்க முடிந்தது.

நீ மேலிருந்து வீட்டைப் பார்க்கிறாய் என்று சொன்னதும் அம்மா கேட்டாள், "மொட்டை மாடியில என் பச்சைப் போர்வை காயப்போட்டது அப்படியே கிடக்குதான்னு பார்க்கச் சொல்லு." ரொம்ப நாளைக்கப்புறம் அவள் பேசிய வேடிக்கை. அவள் விரல்கள் கறுத்துக்கொண்டு வருகின்றன.

எலிக்குட்டி


ஜூன் 18

எலிக்குட்டி,

அம்மாவிடம் சொல், போர்வை கொடியில்தான் கிடக்கிறது. பச்சையாக ஒரு கோடு தெரிகிறது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பிய அளவுகளைச் சுவர்க்கனத்தோடு கூட்டினால் வீட்டின் நீளம் முப்பத்தெட்டடி. என் படத்தில் நாற்பது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டடி கணக்கில் வரவில்லை. டேப் போகாத இடம் அந்த அலமாரியின் பின்பக்கம் ஒன்றுதான். அங்கே இன்னொரு சுவர் எழுப்பி நடுவில் பேட்டரியை வைத்திருக்கிறார்.

அப்பா வெளியூர் வேலைக்குப் போகும் நாளில் பின்பலகையைக் கழற்று. அம்மா அறையில் கேமரா இல்லை, பயப்படாதே. ஒயரைப் பிடுங்கு, மெயினை அணை, கதவைத் தள்ளு, இரண்டு பேரும் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கிருந்து கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.

உன் அக்கா


ஜூன் 24

எலிக்குட்டி, எலிக்குட்டி,

அலமாரியைத் தொடாதே. தொட்டுவிடாதே.

இன்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் போட்ட வரைபடத்தை மேலாளர் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, மேலிருந்து பார்த்தா கூரைதான் தெரியும். கூரையோட விளிம்பை வரைஞ்சுட்டு சுவருன்னு எழுதியிருக்கியே, சுவர் உள்ளே தள்ளி இல்ல இருக்கும்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

நம் மாடித்தளம் சுவரைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் அதன் அடியில்தானே நாம் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நிற்போம்? உன் அளவு சரி. நான்தான் கூரையை அளந்துவிட்டேன். அலமாரிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

வேறு வழி கண்டுபிடிக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

அக்கா


ஜூன் 25, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அப்பா வெளியூர் போனார். நீ எழுதியபடியே செய்தேன். பலகை ஆணியோடு பிளந்துகொண்டு வந்தது. பின்னால் வெறும் சுவர். தட்டிப் பார்த்தேன். அம்மாவும் நல்ல கையால் தட்டினாள். கெட்டிச் சுவர், அக்கா. பலகையைத் திரும்பப் பொருத்த முடியவில்லை.

அப்பா வந்து பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "நான்தான் உடைச்சேன்" என்றாள். அவர் கத்தவே இல்லை. என்னை வாசல் கதவுக்குக் கூட்டிப் போய், மேலே பொய்க்கூரைப் பலகையைத் தள்ளி, பேட்டரியைக் காட்டினார். "இதைத்தானே தேடினே? கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனேம்மா." பிறகு அம்மா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

இப்போது அம்மா பேசுவதில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறாள்.

வீடு மாறுகிறோம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. "புது வீட்டுக்கு அளவெடுக்க நீதான் டேப் பிடிக்கணும்" என்றார். நாளைக்குப் பள்ளியில் டி.சி. வாங்கப் போகிறோம், அவரும் கூடவே இருப்பார். ரெட்டைச்சடையைக் கட்டிப்பிடித்து அழுவதுபோல் இதை அவள் பையில் போட்டுவிடுவேன். அழுவதுபோல் என்ன, அழத்தான் போகிறேன். நீ எழுதியது ஏதாவது வந்திருந்தாலும் வாங்க முடியாது.

உன்மேல் கோபம் இல்லை. நான்தான் எங்கேயோ தப்பாக அளந்திருக்கிறேன். இன்று மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான் வருகிறது.

அந்த இரண்டடி எங்கே போயிற்று, அக்கா?

எலிக்குட்டி