கானை மூடிய வெள்ளைப் பூ

சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த வாசம் அடிக்கிறது. உடனே மூடிவிடுகிறேன், சிநேகிதி. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தபோது மடியில் ஒளித்துக் கொண்டு வந்தாயே, இஞ்சி போலக் கிழங்கு, வெள்ளைப் பூ, அதுதான். உன்னைத் தோண்டி எடுத்த மண்ணில் ஒரு துண்டு கிடந்தது. விட்டுவர மனமில்லாமல் இந்தப் புது வீட்டின் பின்னால், மண்மேட்டில், சவுக்கு மர நிழலில் நட்டேன். புத்தி கெட்டவள் நான்.

நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் வெயில் படாத மண்மேட்டில் கீரைகூட முளைக்காது. இது மட்டும் ஆள் உயரம் வளர்ந்தது. "வெட்ட வெட்டத்தான் வளருது புள்ள, நம்ம சனம் மாதிரி" என்று சிரிப்பாய். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிழங்கு புகுந்ததை இருவரும்தான் பார்த்தோம். பார்த்தும் வெட்டாமல் விட்டோம்.

ஆடி மழைக்கு முன் லயத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கான் வெட்டுவோம். அன்று உன் காம்பரா வீட்டின் பின்பக்கம் வந்ததும் என்னை மறித்தாய். "மொட்டு விட்டிருக்கு. அம்மன் கரகத்துக்கு வேணும். திருவிழா முடியட்டும், நானே வெட்டிர்றேன்." மற்றவர்கள் முனகினார்கள். நான்தான் "ஒரு வாரந்தானே" என்று மம்பட்டியைக் கீழே வைத்தேன்.

நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஓட வழியில்லாத தண்ணீர் மேட்டுக்குள் இறங்கியது. மத்தியானம் நீ சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, மேடு பூவோடு சேர்ந்து உன்மேல் சரிந்தது. அந்த வருசம் கரகம் எடுக்கவில்லை.

இங்கேயும் கிழங்கு கானுக்குள் இறங்கிவிட்டதை இன்று காலையில் பார்த்தேன். மூன்று நாளாக மழை விடவில்லை. மருமகள் சொன்னாள்: "பூக்கிற நேரத்துல வெட்டாதீங்க அத்தே. திருவிழா முடியட்டுமே." அவள் பிள்ளையின் தொட்டில் அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் தொங்குகிறது.

அன்று கீழே வைத்த மம்பட்டியை இன்று எடுத்தேன். மொட்டோடு வெட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. தோண்டத் தோண்டக் கிழங்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது சுவருக்கு அடியில் போயிருந்தது. அங்கே மம்பட்டி எட்டவில்லை.

தொட்டிலை முன்னறையில் கட்டச் சொல்லிவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக மருமகள் நினைக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் உன் பூவின் வாசம் போகவில்லை. மழை கொட்டுகிறது. பின்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.