பெட்டிப் பலகையில் பத்மாவுக்கு ஒரு கட்டில்

9 ஜூன் 1974, ஞாயிறு. ராமச்சந்திராபுரம்

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. ஆலையின் ஸ்க்ராப் யார்டு குலுக்கலில் மனைவி வசந்தாவின் பெயர் விழுந்து, நேற்று கேட் பாஸோடு பலகைகள் வந்து சேர்ந்தன. வசந்தா அங்கே ஸ்டோர்ஸில் கிளார்க். ஜெர்மன் இயந்திரம் வந்திறங்கிய பெட்டி. பைன் மரம், ஆறடிப் பலகை பத்து. ஆணி பிடுங்கவே பகல் போயிற்று.

கட்டில், அனாதை இல்லத்துச் சிறுமி பத்மாவுக்கு. தத்தெடுக்க மனு போட்டு ஒன்றரை வருடம். வியாழனன்று மேட்ரன் வீடு பார்க்க வருகிறார். பிள்ளைக்குத் தனிப் படுக்கை இருந்தாக வேண்டும். வீடு அவருக்குத் திருப்தியானால்தான் பிள்ளையைக் கண்ணில் காட்டுவார்கள். இல்லம் அனுப்பிய தாளில்: வயது நான்கு, உயரம் மூன்றடி. ஆகவே கட்டில் மூன்றரை அடி.

10, திங்கள்

மாலை பத்திரிகை ஆபீஸிலிருந்து சீக்கிரம். பக்கத்து குவார்ட்டர்ஸ் டேவிட் ரம்பம் கொடுத்தார். ஆலையில் தச்சுப் பிரிவு, பிறந்து வளர்ந்தது சிகந்திராபாத், பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும்.

"நக்கோ சார். ரம்பத்தைப் பேனா மாதிரி புடிக்காதீங்க."

பிறகு, "நாலரை அடி வெச்சிக்குங்க. புள்ள வளரும்ல?"

தாளில் மூன்றடி என்றுதான் இருக்கிறது என்றேன்.

"ஹவ், ஹவ், சரிதான். பேப்பர்காரராச்சே. காகிதத்துல இருந்தா வேதம்."

வெட்டியாயிற்று. வலது கட்டைவிரலில் கொப்புளம்.

12, புதன்

உப்புத்தாள், பிறகு பெயின்ட். வானநீலம். வ.வின் பழைய சுங்குடிப் புடவை ஜன்னல் திரையாயிற்று. தலைமாட்டுப் பலகையில் பெட்டியின் கறுப்பு எழுத்துகள். அதை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறாள்.

"இருக்கட்டுங்க. எழுத்துக்கூட்டிப் படிப்பா."

"அது ஜெர்மன்."

"மூணு பேரும் சேர்ந்து தப்பாப் படிப்போம்."

மெத்தையை நாலு தரம் தட்டிச் சரி செய்தாள். நான் பார்க்காத நேரத்தில் இன்னும் இருக்கும்.

13, வியாழன்

மேட்ரன் பதினொரு மணிக்கு. தமிழ்க்காரர், கண்டிப்பு. சமையலறை, குளியலறை, திரை, எல்லாம் பார்த்தார். கட்டிலிடம் வந்ததும் நின்றார்.

"இது யாருக்கு?"

"பத்மாவுக்குத்தான்" என்றாள் வ.

"அவளுக்கு ஆறு வயசும்மா. காலை எங்க நீட்டுவா?"

தாளை எடுத்துப் பார்த்தேன். மூலையில் தேதி. இரண்டு வருடப் பழையது. இருபத்தாறு வருடம் நிருபர். இன்னொருவரைக் கேட்காமல் ஒரு வரி கொடுத்ததில்லை. இதில் தேதியைக்கூடப் பார்க்கவில்லை.

வ. கட்டில் விளிம்பில் பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மேட்ரன் காபி குடித்து முடித்து, "மத்ததெல்லாம் சரியா இருக்கு. சனிக்கிழமை வந்து நீங்களே அளவெடுங்க. கட்டில் ஆனதும் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வ. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரே டம்ளரை வெகுநேரம் கழுவினாள்.

14, வெள்ளி

டேவிட் குலுக்கலில் தனக்கு விழுந்த பங்கிலிருந்து ஆறு பலகை கொண்டுவந்து போட்டார். "அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. "இந்தத் தடவை ஆளை அளங்க சார்." அவ்வளவுதான்.

15, சனி

தூறல். பஸ்ஸில் வ. பையில் டேப் இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள்.

பத்மா: இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை, தமிழ் தெரியாது. இத்தனை வருடம் பேசிய இந்தி வ.வுக்கு மறந்துவிட்டது. சிரிக்க மட்டும் செய்தாள்.

சுவரோடு நிற்க வைத்தேன். "கைக்கு?" என்றாள், எதற்கு என்று.

உனக்குக் கட்டில் செய்ய, என்று அவள் இந்தியிலேயே சொன்னேன்.

எவ்வளவு நீளம் என்று கேட்டாள்.

நீ எவ்வளவு உயரமோ, அதற்குத் தகுந்த மாதிரி.

யோசித்தாள். குதிகால் இரண்டும் மெல்லத் தரையை விட்டு எழுந்தன. வ. பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் சொல்லவில்லை.

மூன்றடி பத்தரை அங்குலம். அப்படியே குறித்துக்கொண்டேன்.