பவி ஒப்பித்தது

செவ்வாய், இரவு.

இன்றைக்கும் பள்ளிப்பட்டிலிருந்து துக்கம் கேட்க வந்தார்கள். அக்கா பைக்கிலிருந்து விழுந்து செத்து இருபது நாள். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள் மகள் பவி. ஏழு வயது.

"அம்மா எப்டி வுழுந்தா? சொல்லு கண்ணு" என்று பெரியம்மா பிஸ்கெட் பாக்கெட்டை நீட்டினாள். பவி கையைக் கட்டிக்கொண்டு, பாட்டு ஒப்பிப்பதுபோல, லாரி வந்ததிலிருந்து ரத்தம் வரை சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்கு அதையே கேட்டுகினு கீறீங்க? ராவெல்லாம் பயந்து கத்துது அது!"

"காலேஜ்லேர்ந்து ஓடியாந்தவன் எனக்குப் பாடம் எடுக்கறியா?"

அவர்கள் போனதும் பவி கேட்டாள்: "மாமா, நல்லா சொன்னனா?"

பாக்கெட்டை அவள் பிரிக்கவில்லை. அலமாரியில் இப்படி ஒரு வரிசையே கிடக்கிறது. முதல் பாக்கெட் நான் வாங்கிக் கொடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் முதலில் கேட்டவனும் நான்தான்.