உருண்டையை நிறுத்து

ஸ்ரீரங்கம்
29-7-37

சௌபாக்கியவதி அரவிந்தவல்லிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கு நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய், நான் நம்பவில்லை. உருண்டையை நிறுத்து என்று காலையில் தந்தி கொடுத்தேன். தந்தியில் காரணம் சொல்ல இடம் ஏது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ எழுதினதை அம்மா மூன்று வீட்டில் வாசித்துக் காட்டிவிட்டாள். மாப்பிள்ளை வரதுவுக்கு ராத்திரி டூட்டி, பகலில் தூங்க வேண்டும், பம்பாயில் இருப்பதோ ஒரே அறை, பக்கத்து ஆயா கொடுத்த கடுகளவு உருண்டையைப் பாலில் கரைத்து ஊற்றினால் குழந்தை சத்தமில்லாமல் கிடக்கிறாள், பிறந்த மாதம் தைத்த சட்டை நாலாம் மாதமும் பொருந்துகிறது. "எம் பேத்தி எவ்வளவு சமத்து பாத்தேளா" என்று இவளுக்குப் பெருமை. எனக்கும்தான், நேற்று வரை. என் உத்தியோகம் உனக்குத் தெரியும், தென்னை ஓலையைத் தின்னும் புழுவை ஒழிக்கக் குளவி வளர்க்கிறேன். எறும்பளவுக் குளவி. அது புழுவைக் கொட்டிவிட்டு அதன் மேல் முட்டையிடும், ஆனால் கொட்டினால் புழு சாகாது. செத்தால் அழுகிவிடும், அழுகினதைத் தின்று குளவியின் குஞ்சுகள் வளர முடியாது, ஆகவே அந்த விஷம் உயிரை விட்டுவைத்து அசைவை மட்டும் எடுத்துவிடுகிறது. லென்ஸில் பார்த்தால் முதுகில் நாடி துடிப்பது தெரியும். நேற்று தோட்டக்கார வெள்ளைச்சாமி, கொட்டுப்பட்ட புழு இருந்த கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, கூடப் பொறந்ததெல்லாம் கூடு கட்டிடுச்சு, இது மட்டும் எட்டு நாளா அதே அளவுல கெடக்கே, தின்னாத்தானே வளரும்" என்றான். எனக்கு நீ எழுதின குழந்தைச் சட்டை ஞாபகம் வந்தது.

அது அபின், வல்லி. ஆயாவைத் திட்டாதே, தன் குழந்தைக்கும் அதைத்தான் கொடுத்திருப்பாள். உன்னையும் திட்டவில்லை, ஆனால் பதமாக எழுத எனக்கு வராது. மயங்கிக் கிடக்கிற குழந்தை பசித்துக் கேட்காது, கேட்காததால் நீ ஊட்டவில்லை. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, எத்தனை நாள் கொடுத்தாய் என்பதை மறைக்காமல் சொல், எடை போடச் சொல். வரதுவின் தூக்கம் கெட்டால் கெடட்டும், நீ பிறந்த வருஷம் நானும்தான் தூங்கவில்லை, பரீட்சை பாஸ் செய்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, இன்று நாலாவது வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

பெருமாள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். குழந்தை வீறிட்டு அழுதாள் என்று ஒரு வரி தந்தி கொடு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

இப்படிக்கு
உன் அப்பா
அழகியமணவாளன்