மூன்று முறை பிடித்துத் தைத்த பாவாடை

அனுப்புநர்:
பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரர்,
மருத்துவமனைப் பின்தெரு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: ஐந்து வயது மகளின் குடல் அழற்சி அறிகுறிகளைப் பூச்சித் தொல்லை என்று தள்ளிவிடுவது – பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்கு நான்கு மாதமாகத் தினமும் ஆறேழு முறை வயிற்றுப்போக்கு. சளியும் இரத்தமும் கலந்து போகிறது. வாயில் புண், விட்டுவிட்டுக் காய்ச்சல். சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

2. தங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஐந்து முறை வந்தோம். ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு, புது மருத்துவர், அதே பூச்சி மாத்திரை. இரத்தம் என்றால், "இந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் வயிறு வலிக்கத்தாங்க செய்யும், சும்மா பயப்படாதீங்க" என்கிறார்கள். ஐந்து சீட்டிலும் எடை எழுதியிருக்கிறது. ஐந்தையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

3. பிறரைச் சொல்வானேன், நானே ஏமாந்தேன். பள்ளி திறந்தபோது நான் தைத்துக் கொடுத்த பாவாடை ஒரே மாதத்தில் இடுப்பில் நிற்கவில்லை. எலாஸ்டிக் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றி, இடுப்பையும் பிடித்துத் தைத்தேன். மறுபடி நழுவியது, மறுபடி பிடித்தேன். மூன்றாம் முறை இடுப்பைப் பிடிக்கும்போதுதான் டேப்பை எடுத்து அவளை அளந்தேன். இருபத்தொன்று இருந்த இடத்தில் பதினேழரை அங்குலம். ஊர்ப் பிள்ளைகள் வளர வளரத் தையலைப் பிரித்துவிடுகிற எனக்கு, பெற்ற பிள்ளை இளைப்பது உறைக்கவில்லை. வகுப்பிலேயே பாவாடையில் போய்விட்டாள் என்று பள்ளியிலிருந்து ஆள் அனுப்பிய அன்று, பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று அடித்தும்விட்டேன். அந்தக் கை இன்னும் கூசுகிறது.

4. பெரிய மருத்துவமனையில் குழந்தைகளின் குடலுக்கென்றே மருத்துவர் இருக்கிறாராம். தங்கள் கடிதம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. முட்டி வலிக்கிறது என்று நேற்றிலிருந்து மகள் நடக்கவில்லை, தூக்கித்தான் வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இதற்குமேல் முறையாக எழுத வரவில்லை. இன்றே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

நாள்: திங்கட்கிழமை காலை
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு

மகளை மடியில் வைத்துக் காத்திருக்கும்,
தகப்பன் (கையொப்பம்)

இணைப்பு:
1. சீட்டுகள் ஐந்து, தேதி வரிசையில் சேர்த்துத் தைத்தது.
2. பாவாடை ஒன்று. பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன். பிடித்த துணியை வெட்டாமல் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், அவள் தேறியதும் பிரித்துவிட வேண்டும்.