சம்பான்காரனின் கடைசி வரி

என் செல்லத் தம்பி தேவாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், மடிக்கணினியைத் திறந்து ஒரு வார்த்தையை அழித்தேன். ‘வரேன்’ என்ற வார்த்தையை. அழித்த இடத்தில் சின்னக் கோடு ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு முதலில் செய்தியைச் சொல்ல வேண்டும். நம் சம்பான்காரன் கார்ட்டூன் தொடராக வந்துவிட்டான். ஆமாம், தஞ்சோங் கிளிங் வீட்டில் கட்டைவிரல் சிவக்க நாம் விளையாடிய அதே டிவி கேம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பா வாங்கி வந்த கேசட்டின் மேல் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது. சம்பான் மாதிரிச் சின்னப் படகில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு தீவு தீவாகப் போகிறவனுக்கு நீதான் அந்தப் பெயரை வைத்தாய். இப்போது அவனுக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, கரையில் நின்று காத்திருக்க ஓர் அக்காகூட இருக்கிறாள். அன்று அவன் சில சதுரங்கள்தான். அதற்கே எப்படி அழுதோம் நாம்?

தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது நான்தான். இப்போதைய பாயா ரும்புட் வீட்டில், அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் காட்சியில் அந்த விளக்கைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டேன். யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது?

வேலை முடிந்துவிட்டது. ஒரு வரியைத் தவிர. கடைசிப் பகுதியில் சம்பான்காரன் பெருங்கடலுக்குள் போகிறான். நாம் ஒருநாளும் தாண்டாத அந்தக் கடைசிக் கடல். போகுமுன் அக்காவைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறான். பிறகு விளக்கு சிறிதாகிக்கொண்டே போகிறது. திரும்பி வருகிறானா, இல்லையா? காட்டவில்லை.

நான் ‘வரேன்’ என்றுதான் எழுதி அனுப்பினேன். நேற்று துளசி போன் செய்தாள். கோலாலம்பூரில் இருந்து என் வரிகளைச் சரிபார்க்கும் பெண்.

“அக்கா, எல்லாம் ஓக்கேலா. கடைசி வரிதான் இடிக்குது. அவன் போறேன்னுதானே சொல்றான்?”

“வாசல்ல நின்னு போறேன்னு தமிழாளுங்க யாராச்சும் சொல்லுவாங்களா துளசி?”

“சொன்னா எங்கம்மா விடுவாங்களா? உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, மறுபடி வரேன்னு சொல்ல வெச்சுத்தான் அனுப்புவாங்க. அதான்கா கேக்குறேன். இவன் வருவானான்னே தெரியல. நம்மளா வரேன்னு போட்டா, வருவான்னு நம்ம சொன்ன மாதிரி ஆயிடாதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது தேவா? அந்த வார்த்தை நம் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று துளசிக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்களே, அந்தக் கதவருகில் நீ என் பக்கம் திரும்பி, “போறேன்க்கா” என்றாய். அம்மா உன் காலடியில் நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. நீ திரும்பி வராததற்கு அன்றிலிருந்து அம்மாவுக்கு உன் இதயம் கெட்டுப்போனது காரணமில்லை, மருத்துவர்கள் சொன்னது எதுவும் காரணமில்லை. “வரேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே என் புள்ள. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட சொல்லாமப் போயிட்டான்.” சோறு போடும்போது சொல்வார். துணி மடிக்கும்போது சொல்வார்.

இப்போது யாரையும் வெறுமனே வாசலைத் தாண்ட விடுவதில்லை. பார்சல் கொண்டு வரும் மலாய்க்காரரைக்கூட நிறுத்திவைத்து, “வரேன்னு சொல்லு” என்கிறார். அவரும் கற்றுக்கொண்டு, மோட்டாரைக் கிளப்பியபடியே, “வாரேன் ஆன்ட்டி, வாரேன்லா!” என்று கத்திவிட்டுப் போகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இன்று காலை அந்த வரியை அழித்த பிறகு, துளசி சொன்ன வார்த்தையை வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வரி திரையில் நிற்கும் நேரத்துக்குள் படித்து முடிகிறதா என்று எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் கிசுகிசுவென்று சொன்னேன். “போறேன்க்கா.”

அது என் குரலாக இல்லை தேவா. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் எனக்கு எப்படி இது எட்டாமல் போனது?

உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் கேமில் படகு பாறையில் மோதியதும் நீ, “ஐயோ, செத்துட்டேன்!” என்று அலறினாய். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

“விளக்கு வெக்கிற நேரத்துல என்ன வார்த்தைடா அது? இன்னொரு தடவை சொன்னே, டிவியைத் தூக்கி வாசல் லோங்காங் சாக்கடைல வீசிடுவேன்!”

“சாகலமா, திரும்பி வந்துடுவான். பாருங்க, இன்னும் ரெண்டு உசுரு இருக்கு.”

“வரப்போறான்தானே? அப்ப வரேன்னு சொல்லித் தொலையேன்!”

அன்றிலிருந்து நம் வீட்டில் சாவுக்குப் பெயர் ‘வரேன்’. உயிர் போகும்போதெல்லாம், “வரேன்க்கா” என்று சொல்லி கண்ட்ரோலை என் மடியில் போடுவாய். ஒரு தீவைத் தாண்டி அடுத்த தீவுக்குள் நுழையும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமுக்கே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், என் காதருகே கிசுகிசுப்பாய்: “போறேன்க்கா.” அப்போது கண்ட்ரோல் உன் கையிலேயே இருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன். அம்மாவுக்கு அந்தக் கிசுகிசு கேட்டதே இல்லை. மருத்துவமனைக் கதவருகில்தான் முதல்முறையாகக் கேட்டது.

நீ என்னிடம் எப்படி ‘வரேன்’ என்று சொல்லியிருப்பாய்? நமக்குள் அதற்கு வேறு அர்த்தம் அல்லவா? தாண்டிவிடுவேன் என்றுதானே சொன்னாய்? பயந்துகொண்டு போகவில்லை, இல்லையா? அல்லது மயக்க மருந்தில் நாக்குக் குழறி ஏதோ ஒன்றைச் சொன்னாயா? எனக்குத் தெரியவில்லை. ஆறுதலுக்காக நானே கட்டிக்கொண்ட கதையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கிசுகிசுப்பை நான் கட்டவில்லை. அது உன்னுடையது.

மற்றபடி ஊர்ச் செய்தி என்ன? கிளேபாங்கில் கடலை மண்போட்டுத் தள்ளிவிட்டார்கள். நீ கால் நனைத்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். தேங்காய் ஷேக் கடையில் இன்னமும் அதே வரிசை. அம்மாவுக்குக் கண் பரவாயில்லை. தமிழ் எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படிக்கிறார். நீ போனதிலிருந்து டிவி பக்கம் மட்டும் வருவதில்லை.

முடிவு செய்துவிட்டேன் தேவா. இன்னும் துளசிக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் ‘போறேன்க்கா’ என்று எழுதப்போகிறேன். தொடரின் கடைசிப் பகுதி வரும் அன்று அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து டிவி முன்னால் உட்கார வைப்பேன். அந்த வரி வந்ததும் படத்தை நிறுத்துவேன். அவர் நிதானமாகப் படிக்கட்டும். கோபப்படட்டும், அழட்டும். அதன்பிறகு, அவர் கரண்டியோடு ஓடிவந்த அந்தச் சாயங்காலத்தைச் சொல்லுவேன். ‘வரேன்’ என்ற வார்த்தையை உனக்குக் கொடுத்ததே அவர்தான் என்பதையும், அதை நீ ஏன் அன்று சொல்லாமல் விட்டாய் என்று நான் நினைக்கிறேன் என்பதையும் சொல்லுவேன்.

பிறகு படத்தை ஓடவிடுவேன். விளக்கு கண்ணுக்குத் தெரிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். இது சத்தியம்.

கண்ட்ரோலை உன் கையிலேயே விட்டுவைத்திருக்கும்,
உன் அக்கா