மழை அழித்த இரண்டு ஹோம் ரன்கள்

அன்புள்ள மெர்சிடிஸ்,

முழங்கால் வலி தேவலையா? நியூயார்க் குளிரிலும் நான் நலம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் முடிதிருத்தும் ஹசின்டோ.

நேற்று அவர் கடையில் பேஸ்பால் புத்தகத்தை விரித்து, "சில்வானோ இருநூத்திப் பதினாலு ஹோம் ரன். உங்க மச்சான் எலிகியோ இருநூத்திப் பதிமூணுதான். முடிஞ்சுது பெரியவரே" என்றார்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடியும் முன்பே மழையில் நின்றுபோன ஆட்டம் கணக்கில் வராது, அப்படி ஓர் ஆட்டத்தில் எலிகியோ மைதானம் தாண்டி அடித்த இரண்டும் போய்விட்டன என்றேன். "அப்படி ஒரு ஆட்டமே நடக்கல, வயசானா கதை வரும்" என்று கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த மழை ஆட்டத்தன்றுதான் மைதானத்துத் தகரக் கூரைக்கு அடியில், நனைந்த தலையோடு நீ முதன்முதலாக என் பக்கத்தில் வந்து நின்றாய். உன் அண்ணன் அடித்ததை விரல்விட்டு எண்ணினாய்.

நம் ஊர்க் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்பு. ஹசின்டோவிடம் முடிவெட்டிக்கொள்ள ஆள் வந்துவிட்டது, கடிதத்தை முடிக்கச் சொல்கிறார். இவர்களிடம் காட்ட, இரண்டு என்று உன் கையால் எழுது. எண்ணிக்கை மறந்திருந்தால், மழை பெய்தது என்றாவது எழுது.

உன் ராமிரோ